சிண்ட்ரெல்லாவுக்கு ஊர் ஊராக அக்கா தங்கை!

"சிண்ட்ரெல்லா கதை தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பால்பல் விழாத வாண்டுகூட "ஓ, தெரியுமே!" என்று கையைத் தூக்கும். பூசணிக்காய் வண்டி, எலிக் குதிரை, கண்ணாடிச் செருப்பு, ராத்திரி பன்னிரண்டு மணி... மூச்சு விடாமல் ஒப்பிக்கும்.

அதே வாண்டுக்கு ஆறு, ஏழு வயசாகட்டும். கேள்விகள் கிளம்பிவிடும்.

"ஏம்மா, அவ அப்பா எங்கே போனார்? அவர் ஏன் ஒண்ணுமே கேக்கலே?"

"ராத்திரி பூரா அவகூட ஆடின ராஜகுமாரனுக்கு மூஞ்சி ஞாபகம் இல்லையா? செருப்பை வெச்சா கண்டுபிடிப்பான்?"

"அழகா இல்லாட்டா ராஜகுமாரன் வரமாட்டானாம்மா?"

முதல் இரண்டு கேள்விக்குச் சிரித்து மழுப்பிவிடலாம். மூன்றாவது கேள்வி அப்படியல்ல. கண்ணாடி முன்னால் நின்று, தன் நிறத்தையும் மூக்கையும் பார்த்துவிட்டு வந்து ஒரு பெண் குழந்தை அதைக் கேட்டால், "பேசாமத் தூங்கு" என்பது பதிலாகாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தக் கதையைத் தமிழில் சொல்லும்போது, கொடுமைக்காரியை "சித்தி" என்றுதான் சொல்கிறோம். நம் பாஷையில் அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. கேட்கிற குழந்தை தன் சொந்தச் சித்தியை ஓரக்கண்ணால் பார்க்கும். அந்த வீட்டிலேயே அப்பா மறுமணம் செய்து, வந்தவள் எச்சிலைக்கூட முழுங்கிக்கொண்டு அந்தக் குழந்தையின் பிரியத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தால்? தினமும் ராத்திரி "சித்தி என்றால் பொல்லாதவள்" என்று பாடம் நடத்தினால் அந்த வீடு என்னத்துக்கு ஆகும்?

"அப்படியானால் கதையையே நிறுத்திவிடலாமா?" என்று கேட்காதீர்கள். வேண்டியதே இல்லை. "நாமே மாற்றிச் சொல்லிவிடலாமா?" என்றால், அதற்கும் அவசரப்பட வேண்டாம். முதலில் பழைய சொல்வழக்குகளைத் தேடிப் பாருங்கள். நீங்கள் செய்ய நினைக்கும் மாற்றத்தை உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு பாட்டி எப்போதோ செய்து வைத்திருப்பாள்!

1893-லேயே மேரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண்மணி, இந்தக் கதையும் இதன் உறவுக் கதைகளுமாக 345 வடிவங்களைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டார். அதற்குப் பிறகு கிடைத்தவை எத்தனையோ. அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம், வாருங்கள்.

நாம் சொல்வது யார் கதை?

பூசணிக்காய், எலி, கண்ணாடிச் செருப்பு மூன்றும் ஷார்ல் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் 1697-ல் வெளியிட்ட புத்தகத்தில் வருகின்றன. அதை வைத்துத்தான் வால்ட் டிஸ்னி கம்பெனி 1950-ல் கார்ட்டூன் படம் எடுத்தது. நம் குழந்தைகளின் படப் புத்தகம், ஸ்கூல் பை, டிபன் டப்பா எல்லாவற்றிலும் இருப்பது அந்தப் படத்துப் பெண்தான்.

பெரோவின் கதையைப் படித்தால் படத்தில் இல்லாத சில நல்ல விஷயங்கள் கிடைக்கும். தேவதைக்கு வண்டிக்காரன் கிடைக்காமல் முழிக்கிறபோது, "எலிப்பொறியில் பெருச்சாளி மாட்டியிருக்கிறதா பார்த்து வருகிறேன், அதை வண்டிக்காரனாக்கலாம்" என்று யோசனை சொல்வதே அந்தப் பெண்தான். அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை! விருந்தில் ராஜகுமாரன் கொடுத்த ஆரஞ்சையும் எலுமிச்சையையும், தன்னை அடையாளம் தெரியாத அக்காமார்களுக்கே பகிர்ந்து கொடுக்கிறாள். கடைசியில் அவர்களை மன்னித்து, அரண்மனைக்கு அழைத்துப் போய், நல்ல இடத்தில் கல்யாணமும் பண்ணி வைக்கிறாள். அப்பாவும் செத்துப்போகவில்லை. பெண்டாட்டி பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

ஆக, "தண்டனையே இல்லாத முடிவு வேணும்" என்று நினைக்கிற தாய்மார்கள் புதிதாக எதுவும் கற்பனை செய்ய வேண்டாம். முந்நூறு வருஷத்துக்கு முன்பே அது இருக்கிறது.

அம்மா சமாதியில் ஒரு மரம்

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட தொகுதியில் இதே பெண் 'ஆஷன்புட்டல்'. அடுப்புச் சாம்பலில் படுத்துக் கிடப்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சந்தைக்குப் புறப்படுகிறார். "என்ன வாங்கி வர?" என்று கேட்கிறார். மற்ற இரண்டு பெண்களும் பட்டும் முத்தும் கேட்கிறார்கள். இவளோ, "திரும்பி வரும் வழியில் உங்கள் தொப்பியில் முதலில் இடிக்கிற கிளையை ஒடித்து வாருங்கள்" என்கிறாள். அந்தக் கிளையை அம்மாவின் சமாதியில் நட்டு, கண்ணீர் விட்டே வளர்க்கிறாள். மரமாகிறது. அதில் வந்து உட்காரும் வெள்ளைப் பறவைதான் அவள் கேட்டதை உதிர்க்கிறது. மந்திரக்கோல் ஏந்திய தேவதை இந்தக் கதையில் இல்லவே இல்லை. செத்துப்போன அம்மாதான் மரமாக நின்று பெண்ணைக் காக்கிறாள்.

சமையலறையை விட்டு வெளியே வர முடியாதவள் என்பதைக் காட்ட ஒரு அருமையான சம்பவம் வரும். சித்தி, பயறைச் சாம்பலில் கொட்டி, "இரண்டு மணி நேரத்தில் பொறுக்கி எடு, விருந்துக்கு வரலாம்" என்கிறாள். புறாக்கள் வந்து பொறுக்கித் தருகின்றன. முடித்ததும் சித்தி வார்த்தை மாறுகிறாள். இரண்டு தட்டுப் பயறு, ஒரே மணி நேரம்! அதையும் முடித்தாலும் கூட்டிப் போகவில்லை. எவ்வளவு வேலை செய்தாலும் பேர் கிடைக்காத அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை, சொல்லுங்கள்?

ஆனால் எச்சரிக்கை. இதே கதையில், செருப்பில் கால் நுழைவதற்காக ஒரு அக்கா கட்டைவிரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலைச் சீவிக்கொள்கிறாள். கல்யாணத்தன்று புறாக்கள் அவர்கள் கண்ணைக் கொத்துகின்றன. அந்தக் கண் கொத்தும் முடிவு 1812 பதிப்பில் கிடையாது. 1819-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்த்தார்கள். அதாவது, கிரிம் சகோதரர்களே கதையை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். 1812-ல் வந்த அதே தொகுதியில், ஸ்னோ ஒயிட்டை விரட்டியவள் சித்தி இல்லை, பெற்ற தாய்! 'பெற்றவள் அப்படிச் செய்வாளா?' என்று 1819-ல் அவளைச் சித்தியாக மாற்றிவிட்டார்கள். பழி எத்தனை சுலபமாகச் சித்தி தலையில் விழுகிறது பார்த்தீர்களா!

சீனாவில் ஒரு மீன்

பெரோவுக்கு எண்ணூறு வருஷத்துக்கும் முன்னால், சுமார் 850-ம் ஆண்டு வாக்கில், சீனாவில் துவான் செங்ஷி என்பவர் ஒரு கதையை எழுதி வைத்தார். தெற்கே குகைவாசிகளின் தலைவர் ஒருவருக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் இறந்துபோகிறாள். அவள் பெண் பெயர் யே ஷியென். அப்பாவும் போய்ச் சேர, சித்தி அவளை ஆபத்தான மலையில் விறகு பொறுக்கவும், ஆழமான கிணற்றில் தண்ணீர் இறைக்கவும் விரட்டுகிறாள்.

தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அவளுக்கு ஒரு சின்ன மீன் கிடைக்கிறது. சிவப்புத் துடுப்பு, தங்க நிறக் கண். தன் சாப்பாட்டில் மிச்சம் வைத்து அதற்குப் போட்டு வளர்க்கிறாள். கிண்ணம் மாற்றி மாற்றி, கடைசியில் குளத்தில் விடுகிற அளவு பெரிதாகிவிடுகிறது. இவள் வந்தால்தான் தலையைத் தூக்கும். சித்தி என்ன செய்தாள்? பெண்ணுக்குப் புது உடை கொடுத்து வெகுதூரம் அனுப்பிவிட்டு, அவளுடைய பழைய உடையைத் தான் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனாள். மீன் ஏமாந்து தலையைத் தூக்கியது. அவ்வளவுதான்... எலும்புகளைக் குப்பைமேட்டில் புதைத்துவிட்டாள்.

அந்த எலும்புகளை எடுத்துப் பத்திரப்படுத்தினால் கேட்டது கிடைக்கும் என்று பெண்ணுக்குத் தெரிய வருகிறது. திருவிழாவுக்கு மீன்கொத்தி இறகு மேலாடையும் தங்கச் செருப்பும் போட்டுக்கொண்டு போகிறாள். ஒரு செருப்பு தவறி, கைமாறி, தீவுகளை ஆளும் ராஜாவிடம் போய்ச் சேருகிறது. இறகு போல லேசு. கல்லில் நடந்தாலும் சத்தம் கேட்காது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

ராஜா என்ன ஆனார் என்பதுதான் தெரியாது! கல்யாணமானதும் பேராசை பிடித்து, எலும்புகளிடம் ஓயாமல் நகைகளாகக் கேட்டார். ஒரு வருஷத்தில் எலும்புகள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டன. ராஜகுமாரன் என்றாலே உத்தமன் என்று இந்தக் கதை சொல்லவில்லை. பெண் குழந்தைகளுக்கு அது காதில் விழுவது நல்லதுதான்.

ஜப்பானிய அறிஞர் மினகதா குமகுசு 1911-ல் இந்தக் கதையைப் பற்றி எழுதினார். ஆர்தர் வேலி 1947-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

வெற்றிலைச் சுருளில் அடையாளம்

வியட்நாம் கதையைக் கேட்டால் "அட, இது நம்ம ஊர்க் கதையாச்சே!" என்பீர்கள். அக்கா பெயர் தாம். சித்தி பெண் பெயர் காம். இங்கேயும் மீன், எலும்பு, திருவிழா, செருப்பு எல்லாம் உண்டு. பயறுக்குப் பதிலாக நெல்லையும் அரிசியையும் கலந்து வைத்துவிட்டு, பிரித்து வை என்கிறாள் சித்தி. குருவிகள் வந்து உதவுகின்றன.

கல்யாணம் ஆன பிறகுதான் கதையே சூடுபிடிக்கிறது. அப்பா திவசத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வருகிறாள் தாம். படையலுக்குப் பாக்குப் பறிக்கக் கமுகு மரத்தில் ஏறுகிறாள். சித்தி அடிமரத்தை வெட்டிச் சாய்த்துவிடுகிறாள். செத்த தாம் பறவையாகிறாள், மரமாகிறாள், தறியாகிறாள். ஒவ்வொன்றையும் அழிக்க அழிக்க வேறொன்றாக முளைக்கிறாள். கடைசியில் ஒரு பழமாகி, ஒரு ஏழைக் கிழவி வீட்டுக்கு வருகிறாள். கிழவி வெளியே போனதும் பழத்திலிருந்து இறங்கி, வீட்டைப் பெருக்கி, சமைத்து வைத்துவிட்டு மறுபடி பழத்துக்குள் ஒளிந்துகொள்வாள். அந்தப் பக்கம் வந்த ராஜா, கிழவி கொடுத்த வெற்றிலையைப் பார்க்கிறான். மடித்திருக்கும் அழகைப் பார்த்ததும், "இது என் மனைவி கை" என்று கண்டுகொள்கிறான்.

கால் அளவை வைத்து இல்லை, கைத்திறனை வைத்து அடையாளம்! "செருப்பை வெச்சா கண்டுபிடிப்பான்?" என்று கேட்ட குழந்தைக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

இந்தக் கதையின் முடிவிலும் சித்தி பெண்ணுக்குக் கோரமான சாவு வரும். அதைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது என்று வியட்நாமிலேயே வாதப் பிரதிவாதங்கள் நடந்திருக்கின்றன. நமக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை!

சித்தியே இல்லாத கதையும் உண்டு

"எங்க வீட்டு நிலைமையிலே சித்தி கதையே வேண்டாம்" என்பவர்களுக்கு இரண்டு கதைகள்.

ஒன்று இங்கிலாந்தில் சொல்லப்பட்டது. ஜோசப் ஜேக்கப்ஸ் 1890-ல் வெளியிட்ட தொகுதியில் இருக்கிறது. பணக்கார அப்பா, மூன்று பெண்கள். "என்னிடம் எவ்வளவு பிரியம்?" என்று அப்பா கேட்க, கடைக்குட்டி, "பச்சை இறைச்சிக்கு உப்பு எவ்வளவு பிரியமோ அவ்வளவு" என்கிறாள். அவருக்குக் கோபம் வந்து வீட்டைவிட்டு விரட்டிவிடுகிறார். அவள் கோரைப்புல்லால் ஒரு மேலங்கி பின்னிப் போட்டுக்கொண்டு, பெரிய வீடொன்றில் பாத்திரம் தேய்க்கும் வேலைக்குச் சேருகிறாள். விருந்து, நடனம், எஜமானர் மகன் எல்லாம் வரும். அவன் ஏக்கத்தில் படுத்துக்கொள்ள, இவள் கஞ்சிக்குள் மோதிரத்தைப் போட்டு அனுப்பித் தான் யார் என்று தெரிவிக்கிறாள். கல்யாண விருந்துக்கு அப்பாவும் வருகிறார். "எந்தப் பண்டத்திலும் உப்புப் போடாதே" என்று சமையல்காரியிடம் சொல்லி வைக்கிறாள் பெண். ஒரு வாய் வைத்த அப்பா, தட்டைத் தள்ளிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுகிறார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று வளர்ந்த நம் குழந்தைகளுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று நம் பக்கத்து வீட்டுக் கதை. கன்னடத்தில் சொல்லப்படும் 'ஹஞ்சி'. வீட்டில் தமிழ், வெளியே கன்னடம் என்று மைசூரில் வளர்ந்த ஏ.கே. ராமானுஜன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 'ஹஞ்சு' என்றால் ஓடு. பொன்முடி கொண்ட பெண்ணுக்குச் சொந்த வீட்டிலேயே ஆபத்து வருகிறது. பெற்ற தாயே மண்ணால் ஒரு முகமூடி செய்து கொடுத்து, "எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்" என்று அனுப்பிவிடுகிறாள். பெண் ஒரு சாகுகார் வீட்டில் சமையலுக்குச் சேருகிறாள். அந்த வீட்டு இளைய மகன் அவள் நிஜ முகத்தைப் பார்த்துவிட, கல்யாணம் நடக்கிறது.

சுபம் போட்டாகிவிட்டதா? இல்லை! அதற்குப் பிறகு ஒரு போலிச் சாமியார் அவளை அடைய மந்திர வேலை செய்கிறான். பலிக்காமல் போனதும் அவள் பேரில் பழி சுமத்துகிறான். அதிலிருந்து அவள் மீண்டு வருவதுதான் பின்பாதிக் கதை. கல்யாணத்தோடு ஒரு பெண்ணின் கஷ்டம் முடிந்துவிடுவதில்லை என்று நம் தேசத்துப் பாட்டிமார்களுக்குத் தெரியாதா என்ன! இது சின்னக் குழந்தைகளுக்கான கதை இல்லை. வயது வந்த பெண்ணோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டியதை, உபதேசம் இல்லாமல் பேச இது வழி செய்யும்.

சேர்த்து வைத்துப் பார்த்தால்...

இத்தனை கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடிச் செருப்பு மாறுகிறது. பூசணிக்காய் காணாமல் போகிறது. ராஜகுமாரன் ஒரு ஊரில் நல்லவன், இன்னொரு ஊரில் பேராசைக்காரன். சித்திகூட சில ஊர்களில் இல்லை. மாறாமல் வருவது மூன்றே விஷயம்.

ஒரு பெண்ணின் அருமை வீட்டாருக்குத் தெரியவில்லை. அவள் எதையோ நேசித்து வளர்க்கிறாள், அல்லது அவளை நேசித்தவள் விட்டுப்போன ஒன்று அவளுக்குத் துணை நிற்கிறது. கடைசியில் அவள் யார் என்று எல்லோருக்கும் தெரிய வருகிறது.

செர்பியாவில் அம்மா பசுவாக மாறிப் பெண்ணுக்கு உதவுகிறாள். ரஷ்யாவில் வசிலிசா என்ற பெண்ணுக்குச் சாகும் தறுவாயில் அம்மா ஒரு பொம்மை கொடுக்கிறாள்; அதற்குக் கொஞ்சம் சோறு ஊட்டினால் யோசனை சொல்லும். 'அம்மா போனாலும் அவள் பிரியம் போகாது' என்பதுதான் பல ஊர்களில் இந்தக் கதையின் உயிர்நாடி. அழகாயிருந்தால் அதிர்ஷ்டம் வரும் என்பது பின்னால் பூசின சாயம்.

எங்கே தேடுவது?

* நாட்டுப்புறக் கதைகளுக்கு அறிஞர்கள் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். பின்லாந்தின் ஆர்னெ 1910-ல் தொடங்கி, அமெரிக்காவின் தாம்ஸன் வளர்த்து, ஜெர்மனியின் ஊதர் 2004-ல் திருத்திய பட்டியல் அது. சிண்ட்ரெல்லாவின் எண் 510ஏ. உப்புக் கதை, ஹஞ்சி போன்றவை 510பி. நூலகத்திலோ இன்டர்நெட்டிலோ இந்த எண்ணை வைத்துத் தேடினால் அக்கா தங்கைகள் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள்.

* சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா நூலகமும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் உண்டு. மதுரைக்காரர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம். "குழந்தைப் புத்தகம்" என்று மட்டும் கேட்காமல், "நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு" என்றும் கேளுங்கள்.

* பெரோ, கிரிம், ஜேக்கப்ஸ் தொகுப்புகளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் 'புராஜெக்ட் குட்டன்பர்க்' என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

* ஒரே கதையை மூன்று ஊரிலிருந்தாவது படியுங்கள். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: யார் துன்புறுத்துகிறார்கள்? யார் துணை? பெண் தானாக என்ன செய்கிறாள்? எதை வைத்து அடையாளம்? முடிவு என்ன? எதை எடுப்பது, எதை விடுவது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

* புத்தகமாகவோ, டிக்கெட் போட்டு நாடகமாகவோ வெளியிடுவதானால் கவனம். பழங்கதை ஊருக்கே சொந்தம். ஆனால் டிஸ்னி படத்தில் வரும் எலிகளின் பெயரும் பாட்டும், சமீபத்திய மொழிபெயர்ப்பாளரின் வாசகமும் அவரவருக்குச் சொந்தம். கதையை வாங்கிக்கொண்டு உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.

எதை மாற்றலாம், எதை விடக் கூடாது?

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கால் வெட்டுவதும் கண் கொத்துவதும் வேண்டாம். அதற்குத்தான் பெரோவின் முடிவு இருக்கிறதே. எட்டு, ஒன்பது வயதில், "தப்புப் பண்ணினவங்களுக்கு ஒண்ணுமே ஆகாதா?" என்று குழந்தையே கேட்கும். அப்போது எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள் என்று முடித்தால் அதற்குத் திருப்தி வராது. ஊரை விட்டுப் போனார்கள் என்றாவது நியாயம் கிடைக்கட்டும்.

கஷ்டத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சாம்பல் இல்லாவிட்டால் சிண்ட்ரெல்லா இல்லை. மீன் சாகிற இடத்தில் குழந்தை அழுதால், அழட்டும். மடியில் படுத்துக்கொண்டு அழுகிற அழுகையில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் சமீபத்தில் ஒரு சாவைப் பார்த்த குழந்தையாக இருந்தால், அதுவே கேட்கும்வரை அம்மா சமாதிக் கதையைத் தள்ளிப் போடுங்கள்.

இரண்டாம் தாயாக ஒரு வீட்டுக்குள் போயிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உப்புக் கதையை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். குழந்தை எங்கிருந்தாவது சிண்ட்ரெல்லாவைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் பயந்து மறைக்க வேண்டாம். "அந்தச் சித்தி ஏன் அப்படி இருந்தா, நீ சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். மனசில் இருப்பதைக் கதையின் பேரில் குழந்தை கொட்டிவிடும். உங்களுக்கும் அது தெரிய வேண்டியதுதானே?

பையன்களை வெளியே உட்கார வைக்காதீர்கள். நார்வே நாட்டில் அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடைக்குட்டிப் பையன் ஒருவன் உண்டு. பெயர் ஆஸ்கெலாதன். எல்லோரும் உதவாக்கரை என்று ஒதுக்கிய அவன்தான் ஜெயிப்பான்.

லீவு நாளில் தெருக் குழந்தைகளை வைத்து நாடகம் போடுவதானால் கிரிம் கதை சௌகரியம். புறாக்கள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம், எல்லா வாண்டுகளுக்கும் வேஷம் கிடைத்துவிடும். ஒரு குழந்தை மரமாக நிற்கலாம். கொண்டைக்கடலையையும் காராமணியையும் கலந்து கொட்டி, மேடையிலேயே பொறுக்கச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். மூன்று வயதுக்குட்பட்ட குட்டிகளை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும், வாயில் போட்டுப் புரை ஏறிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. புத்தகத்தில் இருப்பதைத் தேடுகிற மும்முரத்தில் வீட்டுத் திண்ணையை மறந்துவிடாதீர்கள். உங்கள் பாட்டிக்கோ, மாமியாருக்கோ, வேலைக்கு வரும் அம்மாளுக்கோ இதைப் போல ஒரு கதை தெரிந்திருக்கலாம். சும்மா கேட்டால், "எனக்கென்னம்மா தெரியும்" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள். "எங்க ஊர்ல இதை வேற மாதிரில்ல சொல்லுவாங்க" என்று தானாக வரும். டெலிபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அல்லது அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதி, கீழே சொன்னவர் பெயரையும் ஊரையும் போடுங்கள்.

சீனக் கதையை எழுதி வைத்த துவான் செங்ஷி அதைத்தான் செய்தார். தன் வீட்டில் முன்பு வேலை செய்த லி ஷியுவான் என்ற ஆள் சொன்ன கதை இது என்றும், அவன் ஊர் இன்னது என்றும் மறக்காமல் குறித்து வைத்தார். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வேலைக்காரர் பெயர் கதையோடு சேர்ந்து வந்துகொண்டிருக்கிறது. உங்கள் பாட்டி பெயரும் அப்படி வரட்டுமே!